டெய்லர் அக்காவின் இடது பெருவிரல்: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு 34 வயது. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயக் காம்பராவின் (தொழிலாளர் வரிசை வீட்டின்) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், மிதி மெஷின் போட்டுத் தைக்கிறார். அம்மா கொழுந்துக்குப் போகிறவர். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் டெய்லர் அக்கா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும். கைநோவுக்குச் சிகிச்சை செய்கிறவள் நான். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரையும் தோட்டத்தின் பெயரையும் விட்டுவிட்டேன்.

இடது பெருவிரலின் அடிப்பாகத்தில், சுட்டுவிரலைப் பார்த்த பக்கம், எதிலாவது பட்டால் கரண்ட் அடித்ததுபோல் ஒரு சுரீர் நுனிவரை ஓடுகிறது என்பதுதான் முறைப்பாடு. அந்தப் பக்கத்துத் தோல் மரத்தும் போயிருந்தது. ஊசியைப் பிடித்தால் அது விரலில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது என்றார். தீபாவளிக்கு முன்னால் இலேசாகத் தொடங்கிய நோவு, ஜனவரி வருவதற்குள் மகளுக்குச் சடை பின்ன முடியாத அளவுக்கு முற்றிவிட்டது.

இந்த மாதங்களைக் கவனிக்க வேண்டும். மலையகத்தில் தையல்காரருக்கு வருமானம் என்றால் அது இந்தக் காலம்தான். தோட்டத்தில் கொடுக்கும் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் பிளவுஸ், பாவாடை, பிள்ளைகளின் கவுன் என்று துணி வந்து குவியும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் பாடசாலைச் சீருடை. 1993 முதல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் துணி துணியாகத்தான் வரும், தைத்துக்கொள்வது பெற்றோர் பாடு. ஒரே வெள்ளைத் துணி, ஒரே மாதிரி வெட்டு என்பதால் நாலைந்து மடிப்பை ஒன்றாக அடுக்கிக் கத்தரிக்கோலை ஓட்டுவார்கள். நேரம் மிச்சம்தான். ஆனால் கத்தரிக்கோலைப் பிடித்திருக்கும் பெருவிரலுக்கு ஒவ்வொரு மடிப்பும் கூடுதல் சுமை.

என்னிடம் வருவதற்கு முன்பே அவர் தைலம் தடவி, வலி மாத்திரை எடுத்து, எக்ஸ்ரேயும் எடுத்திருந்தார். எலும்பில் குறை இல்லை. இரத்தத்தில் சீனி பார்த்தார்கள், அதுவும் சரியாகவே இருந்தது. குறிப்புப் புத்தகத்தில் “வலது கைப் பழக்கம்” என்று எழுதியிருந்தது. அப்படி எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அக்கா வலது கையால்தான் கையெழுத்துப் போடுகிறார், வலது கையால்தான் சாப்பிடுகிறார். வேலை செய்யாத கையில் நோவு என்றால் வாதமாக இருக்கலாம் என்று நினைப்பது இயல்பு. அவருக்கும் அதே குழப்பம். “மிஸ், இது சும்மா இருக்குற கைதானே, இதுல எப்படி வருது?” என்று கேட்டார்.

சும்மா இருக்கிற கையா என்று பார்க்க, மேசைமேல் கிடந்த பேப்பரையும் ஒரு சின்னக் கத்தரிக்கோலையும் தள்ளிவைத்து, வெட்டச் சொன்னேன். இடது கை போய் எடுத்தது.

அப்புறம்தான் கதை வந்தது. சின்ன வயதில் எல்லாவற்றுக்கும் இடது கைதான் முன்னால் போகுமாம். சாப்பாட்டுக்கும் எழுத்துக்கும் அடி வாங்கி மாறியிருக்கிறார். கத்தரிக்கோல் பிடித்தது பதினாறு வயதில், சித்தியிடம் தையல் பழகும்போது. அப்போது அடிக்க யாருமில்லை. ஆகவே எழுதுவது, உண்பது வலது. வெட்டுவது, வீடு கூட்டுவது, தேங்காய் துருவுவது இடது. உலகத்தில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர் இடது கைக்காரர். எங்கள் வீடுகளில் அந்தப் பத்தாவது ஆள் கண்ணில் படாமல் இருப்பதற்குக் காரணம், பாதி வேலையில் அவரைத் திருத்திவிட்டதுதான். “நீங்கள் எந்தக் கைக்காரர்?” என்று கேட்டால் உண்மை வராது. எந்த வேலைக்கு எந்தக் கை என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

அடுத்த முறை வரும்போது தையலுக்குப் பாவிக்கிற கத்தரிக்கோலையே கொண்டுவரச் சொன்னேன்.

கையில் பார்த்தது

பெருவிரல் நோவு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மணிக்கட்டின் ஓரத்தில் ஓடும் இரண்டு தசைநாண்களின் உறை வீங்குவது. 1895இல் சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் டி கெர்வெய்ன் விவரித்த நோய் அது. கொழுந்து பறிக்கும் பெண்களிடம் நான் அதை அடிக்கடி பார்க்கிறேன். பெருவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் அவர்கள் துடித்துப்போவார்கள். அக்காவுக்கு அதில் நோவு இல்லை. விரலை மடக்கி நீட்டினால் எங்கும் சிக்கவில்லை. ஆகவே விரல் பூட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. பெருவிரலின் அடி மூட்டை அழுத்திச் சுழற்றியும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டால் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து மரக்கும், இரவில் தூக்கம் கெடும். இவருக்குப் பெருவிரல் மட்டும்தான், அதிலும் பாதிதான். பென்சிலால் கோடு போட்டு எல்லை கட்டலாம்போல அவ்வளவு துல்லியம்: நகத்தின் நடுவிலிருந்து சுட்டுவிரல் பக்கமாக மரப்பு, மறு பக்கம் முழு உணர்வு.

நுனிக்கணுவுக்கும் அடிக்கணுவுக்கும் இடையில், அந்தப் பக்கத்தில் தோல் காய்த்திருந்தது. அதற்கு அடியில் தடவினால் நூல் கயிறுபோல் ஒன்று உருண்டது. அதன்மேல் விரல் நுனியால் மெதுவாகத் தட்டினேன். கையை உதறி இழுத்துக்கொண்டார். அடிபட்ட நரம்பைத் தட்டினால் அது போகிற வழியெல்லாம் மின்னும். 1915இல் டினல் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்த இந்தச் சோதனைக்கு எந்த மெஷினும் வேண்டாம்.

பெருவிரலின் உள்ளங்கைப் பக்கத்தில் இடமும் வலமுமாக இரண்டு சின்ன நரம்புகள் நுனிவரை போகின்றன. தோலுக்கும் அவற்றுக்கும் இடையில் பெரிய மெத்தை ஒன்றும் கிடையாது. கடினமான ஒரு விளிம்பு அதே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தினால், நரம்பு தன்னைச் சுற்றி நாரைக் கட்டிக்கொண்டு தடிக்கும். தடித்தால் இன்னும் எளிதாக நெரிபடும்.

இந்த நோய்க்கு மருத்துவப் புத்தகங்களில் உள்ள பெயர் பவுலிங் ஆட்டக்காரரின் பெருவிரல். கிரிக்கெட் பவுலிங் இல்லை. வழுக்குத் தரையில் பாரப் பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். பந்து 16 இறாத்தல்வரை, அதாவது ஏறக்குறைய 7 கிலோவரை இருக்கலாம். அதில் மூன்று துளை, ஒன்று பெருவிரலுக்கு. துளை இறுக்கமாக இருந்தாலோ, அதன் வாய் கூராக இருந்தாலோ, பெருவிரல் துளைக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள தூரம் அந்தக் கைக்குக் கூடினாலோ, பந்தை விடும் ஒவ்வொரு முறையும் விளிம்பு இதே நரம்பை உரசும். அந்த ஆட்டக்காரர்களுக்கு முதலில் சொல்வது மருந்து இல்லை. துளையை அடைத்து மறுபடி அளவெடுத்துத் துளைக்கச் சொல்வார்கள், வாயைச் சரித்து வழித்துவிடச் சொல்வார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே விரல் வீங்கும், சுருங்கும் என்பதால் துளைக்குள் டேப் ஒட்டியும் எடுத்தும் சரிபார்த்துக்கொள்வார்கள். பொகவந்தலாவையில் அந்தப் பந்தைக் கண்டவர் யார்? ஆனால் விரலை நுழைக்கிற துளை எங்கே இருந்தாலும் நரம்பு நரம்புதான். எங்கள் டெய்லர்களின் கையில் அந்தத் துளை கத்தரிக்கோலில் இருக்கிறது.

கத்தரிக்கோலில் பார்த்தது

அது பத்து அங்குல டெய்லர் கத்தரிக்கோல், வார்ப்பு இரும்பில் கறுப்பு வர்ணம் பூசிய வளைந்த கைப்பிடி. சித்தி கொடுத்தது. கீழே நாலு விரலுக்கு நீளமான பெரிய வளையம், மேலே பெருவிரலுக்குச் சின்ன வட்டம். அந்தச் சின்ன வட்டத்தின் உட்புறத்தை விளக்கடியில் திருப்பிப் பார்த்தால் எல்லாம் விளங்கும். ஒரு பக்க விளிம்பு வழித்துச் சரிவாக இருக்கும். மறு பக்கம் நேராக, கூராக நிற்கும். வலது பெருவிரல் எந்தச் சாய்வில் நுழையுமோ அந்தச் சாய்வுக்காக வழித்தது அது. இடது பெருவிரல் எதிர்ப்பக்கத்தால் நுழைகிறது. அதற்குக் கிடைப்பது கூரான விளிம்பு.

இதைவிடப் பெரிய விஷயம் அலகுகளில் இருக்கிறது. வலது கைக் கத்தரிக்கோலை நுனி வெளிப்பக்கம் இருக்கப் பிடித்தால் மேல் அலகு வலப்பக்கம் இருக்கும். வலது கை மூடும்போது பெருவிரல் இயல்பாகவே வளையத்தை வெளியே தள்ளும், மற்ற விரல்கள் உள்ளே இழுக்கும். நடு ஆணியைத் தாண்டி அந்த விசை திசை மாறி, இரண்டு அலகையும் ஒன்றோடொன்று நெருக்கும். துணி வெட்டுப்படுவது அலகின் கூரால் மட்டுமல்ல, இந்த நெருக்கத்தாலும்தான். அதே கத்தரிக்கோலை இடது கை பிடித்தால், அதே இயல்பான அசைவு அலகுகளை விலக்குகிறது. இடையில் புகுந்த துணி வெட்டுப்படாமல் மடங்கிக்கொள்ளும்.

பதினாறு வயதில் பழகிய பெண் இதற்கு என்ன செய்வாள்? கை தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. பெருவிரலை அடிவரை உள்ளே நுழைத்து, நுனியைக் கொக்கிபோல் மடக்கி, வளையத்தை உள்ளங்கைப் பக்கமாக இழுத்துக்கொண்டே மூடுகிறார். அப்போது அலகுகள் நெருங்குகின்றன, துணி வெட்டுப்படுகிறது. நேர்த்தியாகவே வெட்டுகிறார், அவர் வெட்டிய கழுத்து வளைவைப் பார்த்து நான் வியந்தேன். ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் அந்தக் கூரான விளிம்பின்மேல் முழு இழுவையும் விழுகிறது.

உறுதி செய்துகொள்ள, அவருடைய தையல் சுண்ணக்கட்டியை வாங்கி வளையத்தின் உள்விளிம்பில் நீலமாகத் தேய்த்தேன். பழைய துணியில் ஒரு கஜம் வெட்டச் சொன்னேன். விரலை எடுத்ததும் நீலக்கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று இருவரும் பார்த்தோம். காய்த்த இடத்தின்மேல், தட்டினால் மின்னிய அதே இடத்தின்மேல் விழுந்திருந்தது. மறு பக்கத்தில் சுண்ணம் படவே இல்லை. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப என் கையில ஒண்ணும் கொறையில்லையா மிஸ்?” என்று கேட்டார். வாதம் வந்து கை போய்விடும், மெஷினை விற்க வேண்டியதுதான் என்று அத்தனை மாதமும் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார்.

பதினெட்டு வருடம் அதே கத்தரிக்கோல் என்றால், இந்த வருடம் மட்டும் ஏன்? அதற்கும் விடை கிடைத்தது. மழைக்கு முன்னால் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இடுப்பில் கட்டும் படங்கு வெட்டிக் கொடுத்திருக்கிறார். தடித்த பிளாஸ்டிக் துணி, அலகு மழுங்கிவிட்டது. மழுங்கியதும் துணி மடங்கத் தொடங்கியது. மடங்குகிறதே என்று நடு ஆணியை முறுக்கி இறுக்கினார். இறுக்கியதும் திறக்கவும் மூடவும் கூடுதல் பலம் தேவைப்பட்டது. விரல் நோகத் தொடங்கியதும் பக்கத்துக் காம்பராக்காரர் சொன்ன யோசனைப்படி வளையத்தில் பழைய சேலைத் துண்டைச் சுற்றினார். கேட்டால் நல்ல யோசனையாகத்தான் தெரியும். ஆனால் ஏற்கெனவே இறுக்கமான துளையில் மெத்தை வைத்தால் துளை இன்னும் சிறுக்கும், அழுத்தம் கூடும். காலையில் குளிரில் விரல் சுருங்கி எளிதாக நுழையும். மத்தியானம் வீங்கிய விரலைச் சவர்க்காரம் போட்டுத்தான் கழற்றியிருக்கிறார். துளையைப் பெரிதாக்கிய பிறகுதான் மெத்தை. இதை நான் பார்க்கிற ஒவ்வொரு டெய்லருக்கும் சொல்கிறேன்.

செய்தது

முதல் வேலை வெட்டுவதை நிறுத்துவது. தைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னாலும் நடக்காது, அந்த வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான். நாத்தனார் வலது கைக்காரி, அவர் வந்து அக்கா போட்ட கோட்டில் வெட்டினார், அக்கா தைத்தார். பெருவிரலுக்கு இரவில் மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் காப்பு ஒன்று வார்த்துக் கொடுத்தேன். நரம்பின்மேல் படாமல் அந்த இடத்தில் பள்ளம் விட்டிருந்தேன். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதைக் கண்டிப்பாக விடச் சொன்னேன். அம்மா மகளின் மேல் உள்ள அன்பில் ஒவ்வொரு இரவும் கட்டியைக் கரைக்கிறேன் என்று நீவியிருக்கிறார். அது கட்டி இல்லை, நெரிபட்ட நரம்பு. வைத்தியசாலை மருத்துவரும் கையைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஊசியோ அறுவையோ வேண்டாம், அழுத்தத்தை எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்றார்.

கத்தரிக்கோலை ஹட்டனில் ஒரு கடைசல் பட்டறைக்கு எடுத்துப் போனோம். பட்டறை அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. அக்காவின் விரலை நுழைக்கச் சொல்லி, விளிம்பு முட்டுகிற இடத்தைச் சுண்ணத்தால் காட்டியதும் “அட, இவ்வளவுதானா” என்று அரை வட்ட அரத்தை எடுத்தார். வளையத்தின் உட்புறத்தைக் கொஞ்சம் அகட்டி, இடது பக்க விளிம்பை வலது பக்கத்தைப் போலவே சரித்து, கடைசியில் எமரித் தாளால் மழமழப்பாக்கினார். ஒவ்வொரு இழுப்புக்கும் நிறுத்தி அக்காவின் விரலை விட்டுப் பார்த்தார். வார்ப்பு இரும்பு என்பதால் அவசரப்பட்டுக் குடைந்தால் விரிசல் விடும் என்று அவரே சொன்னார். வீங்கிய விரலுக்கு அளவு எடுக்க வேண்டும் என்பதால் மத்தியானத்துக்குப் பிறகே போயிருந்தோம். அது முக்கியம். காலைக் குளிரில் அளவெடுத்தால் மாலையில் துளை பற்றாது.

சாணை பிடிக்கக் கொடுத்து, ஆணியைத் தளர்த்தினோம். ஆணி சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தூக்கி விட வேண்டும். பாதிக்குமேல் தானாக மூடி வந்து நின்றால் சரி. தடாலென்று விழுந்தால் தளர்வு, அசையாமல் நின்றால் இறுக்கம். அக்காவின் கத்தரிக்கோல் முதல் நாள் அந்தரத்தில் அப்படியே நின்றது.

இவ்வளவும் தற்காலிகம்தான். எத்தனை வழித்தாலும் அலகு வலது கைக்கானது. இடது கை இழுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே உண்மையான இடது கைக் கத்தரிக்கோல் தேடினோம். “ரெண்டு கைக்கும் ஆகும்” என்று கடைகளில் காட்டியவற்றில் கைப்பிடி மட்டும்தான் பொதுவாக இருந்தது. அலகு வலது கை அலகுதான். வாங்குகிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். நுனியை வெளிப்பக்கம் வைத்துப் பிடித்தால் மேல் அலகு இடப்பக்கம் இருக்க வேண்டும். அதுதான் இடது கைக்கானது. கடைசியில் கணவர் கொழும்பில் ஒரு தையல் சாமான் கடையில் சொல்லிவைத்து வாங்கி அனுப்பினார். விலை கூடுதலாகத்தான் இருந்தது, ஆனால் கத்தரிக்கோல் ஒரு தலைமுறைக்கு வரும்.

வந்த பிறகு ஒரு சோதனை. புதியதில் அக்காவால் வெட்டவே முடியவில்லை. துணி மடங்கியது, கோடு கோணியது. “மிஸ், இது நமக்குச் சரி வராது” என்று ஃபோனில் சொன்னார். அவர் இத்தனை வருடப் பழக்கத்தில் இன்னும் வளையத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். இடது கை அலகுக்கு அந்த இழுவை எதிரி. இழுக்காமல் சும்மா மூட வேண்டும். சொன்னால் எளிது, கை கேட்காது. ஆகவே துணியை விட்டுவிட்டுப் பழைய பேப்பரில் தொடங்கினோம். பெருவிரலை நுனிக்கணுவோடு நிறுத்த வேண்டும், அடிவரை போகக் கூடாது. நுனி மடங்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். பேப்பர், அப்புறம் பருத்தி ஒற்றை மடிப்பு, அப்புறம் இரண்டு. நாலைந்து மடிப்பை அடுக்குவதை முழுக்க விட்டுவிட்டார்.

இன்னொன்றும் மாற்றினோம். அவர் சிமெந்துத் தரையில் குந்தி வெட்டுகிறவர். தரையில் வெட்டும்போது மணிக்கட்டு வளைந்து, கத்தரிக்கோலின் பாரம் முழுவதும் பெருவிரலில் தொங்கும். பழைய கதவுப் பலகை ஒன்றை இரண்டு பெட்டிமேல் தூக்கி வைத்து மேசையாக்கினார்கள். இப்போது கீழ் அலகு பலகையில் சாய்ந்து ஓடுகிறது. விரல் தூக்க வேண்டியதில்லை. குளிர்காலக் காலைகளில் வெட்டத் தொடங்குமுன் வெந்நீரில் கை வைத்துக்கொள்கிறார். ஹட்டன் பகுதி 1,200 மீற்றருக்கு மேலே; டிசம்பர் விடியலில் இரும்பைத் தொட்டால் விரல் விறைத்துவிடும், விறைத்த விரலுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது.

இப்போது

அந்தச் சுரீர் முதலில் போனது. வெட்டுவதை நிறுத்திய சில வாரங்களில் சடை பின்ன முடிந்தது. காய்த்த தோல் மெதுவாக உரிந்து மிருதுவானது. கயிறுபோல் உருண்டது இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது, ஆனால் மெலிந்திருக்கிறது. தட்டினால் மின்னல் நுனிவரை ஓடுவதில்லை, அங்கேயே லேசாகக் கூசுகிறது. மரப்புதான் பிடிவாதம். நரம்பு அப்படித்தான், நோவு விட்ட பிறகும் உணர்வு திரும்ப மாதங்கள் எடுக்கும். நகத்தோரம் ஒரு அரிசியளவு இடம் இன்னும் மரத்தே இருக்கிறது. கொதிக்கும் சட்டியையும் இஸ்திரிப் பெட்டியையும் தொடும்போது அந்த விரலை நம்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நாத்தனார் வெட்டிக் கொடுத்த மாதங்களில் வருமானத்தில் அவருக்கும் பங்கு போனது. அக்காவுக்கு அது பெரிய இழப்பு. தொடக்கத்திலேயே யாராவது கத்தரிக்கோலைப் பார்த்திருந்தால் அந்த மாதங்கள் மிச்சமாகியிருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. கைநோவு என்று வருகிற எல்லோரிடமும் இப்போது நான் கேட்பது ஆயுதத்தைத்தான்: தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி, கத்தரிக்கோல், சவரக் கடைக்காரரின் கத்தரி, எதுவானாலும் சரி, கூட எடுத்து வாருங்கள் என்கிறேன். அக்காவும் தன்னிடம் தையல் பழகுகிற பிள்ளைகளை முதல் நாளே பேப்பர் வெட்டச் சொல்லிப் பார்க்கிறார். அவர்களில் ஒருத்தி இடது கைக்காரி. வழித்துச் சரிசெய்த சித்தியின் கத்தரிக்கோல் அவளிடம் போகவில்லை, அது நாத்தனாருக்கு. அந்தப் பிள்ளைக்கும் கொழும்பிலிருந்தே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அடுத்த தீபாவளி வேலைக்கு முன்னால் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் அந்த மரப்பு விடவில்லை என்றாலோ, கயிறு மறுபடி தடித்தாலோ, கண்டிக்கு அனுப்பி நரம்பின் ஓட்டத்தை அளக்கும் சோதனை செய்ய வேண்டியிருக்கும் என்று மருத்துவரோடு பேசி வைத்திருக்கிறோம்.